ஒன்றரைக் கட்டையில் பிடித்த பியானோ

1

இன்று காலை பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குப் போன பிறகும் நான் பியானோ ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். காலையில் ஒருத்தருக்கும் வியர்க்காது. எனக்கு மட்டும் தினமும் எட்டு மணி அடித்தால் வியர்க்கும்.

மலாயாவில் கப்பலை விட்டு இறங்கி நேற்றோடு ஒரு வருஷம். அக்கா சேமியாப் பாயசம் வைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ஒரு வருசம் தாக்குப் புடிச்சிட்டியே மச்சான், நான் ஆறு மாசம்னுதான் நெனச்சேன்" என்று வாழ்த்தினார். அவருடைய வாழ்த்து எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

பாயசம் ஆறுவதற்குள் தபால் வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து என் சினேகிதன் ஏகாம்பரம் எழுதியிருக்கிறான். மாற்றலாகிப் போன ரயில்வே அதிகாரி ஒருத்தர் தம் பியானோவை ஊர் வாசகசாலைக்கே விட்டுவிட்டுப் போய்விட்டாராம். "அது மேல இப்போ பேப்பர் கட்டு வெச்சுக்கினு இருக்காங்க. நான் கத்துக்கலாம்னு பாக்கறேன். வாத்தியார் கெடையாது. நீதான் வாத்தியார் இல்லாம கத்துக்கினியாமே? மொதல்ல எந்த எந்தப் பாட்டு எடுத்துக்கலாம், சொல்லு" என்கிறான்.

அவனுக்கு ஒரு கார்டு போட்டால் போதும். ஆனால் அவனைப் போல இன்னும் சில பேர் இருப்பீர்கள் என்று நினைத்துப் பத்திரிகைக்கே எழுதுகிறேன். யோசனை சொல்வது சுலபம். அந்த யோசனைக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லாவிட்டால் நீங்களும் என்னை மாதிரியே போய் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

எனக்கும் பியானோவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குத் தெரிந்தது ஆர்மோனியம். அதுவும் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. எங்கள் நைனா அரிசி மில்லில் மேஸ்திரி. சனிக்கிழமை ஆனால் பஜனை கோஷ்டிக்கு அவர்தான் முன்பாட்டு. கோஷ்டியின் ஆர்மோனியம் எங்கள் வீட்டு அலமாரி மேல்தான் இருக்கும். எட்டாவது படிக்கும்போது அதை இறக்கி, நைனா பாடுகிறதைத் தடவித் தடவிப் பிடித்தேன். பிடிபட்டுவிட்டது. அவ்வளவுதான் என் சங்கீதப் படிப்பு.

அமாவாசைக்குக் கோஷ்டியோடு திருவள்ளூர் போவோம். கும்மிடிப்பூண்டிக்காரனுக்குத் திருவள்ளூர் பக்கத்து ஊர் மாதிரித்தான் தேசப்படத்தில் தெரியும். ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய், அங்கே இறங்கி, வேறு வண்டி பிடித்து மறுபடி மேற்கே வரவேண்டும். குளத்தில் வெல்லம் கரைக்கிற கூட்டத்துக்கு நடுவே, துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட ஆர்மோனியத்தோடு நான் நடப்பேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால் வாசித்தும் ஒரு நாளும் பயந்ததில்லை. நைனாவின் குரலுக்குப் பின்னால் என் தப்பு ஒருத்தர் காதிலும் விழாது.

இங்கே நிலைமை வேறு. மதராஸில் ஆசிரியர் ட்ரெயினிங் முடித்துவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்து, ஓர் இங்கிலீஷ் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்த நாளாகக் காகிதம்தான். அடையாள அட்டை ஒன்று, தங்குவதற்குப் பாஸ் ஒன்று. பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில், காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடுகிற சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிறுத்தி அட்டையைக் கேட்பார்கள். அட்டையில் 'வெங்கடேசலு மகன் முனிரத்தினம்' என்று இருக்கிறது. எது என் பேர், எது அப்பா பேர் என்று இங்கே ஒருத்தருக்கும் விளங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் 'மிஸ்டர் வெங்கடேசலு' ஆகிவிட்டேன். என் தப்புக்கெல்லாம் தினமும் நைனாதான் திட்டு வாங்குகிறார்.

இமிகிரேஷன் ஆபீசில் சொன்னது இதுதான்: இந்த வேலை இருக்கிற வரைக்கும் பாஸ் செல்லும். வேலை போனால் பாஸும் போகும். அடுத்த கப்பல்.

ஊருக்குத் திரும்பினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பீர்கள். "இன்னா மேஸ்திரி, உன் புள்ளைய வெரட்டி உட்டுட்டாங்களாமே" என்று மில்லில் கேட்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மில்லில் எனக்கென்று ஒரு நாற்காலி தயாராக இருக்கிறது. மரியாதையான நாற்காலிதான். அதில் ஒரு தரம் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது. எனக்கு அந்த நாற்காலிதான் பயம். இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, அதற்குள் என்ன நாற்காலி?

3

சேர்ந்து நாலு மாசத்தில் அது நடந்தது. பள்ளியில் பியானோ வாசிக்கிறவள் மிஸ் டி குரூஸ். யுரேஷியப் பெண், என் வயசுதான் இருக்கும். அவளுக்கு மலாக்காவில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மாள். நல்லவள்தான். ஆனால் அவள் காதுக்குப் பாட்டும் மழையும் ஒன்று. என்னைக் கூப்பிட்டு, "மிஸ்டர் வெங்கடேசலு, உமக்குச் சங்கீதம் வருமாமே?" என்றாள்.

"ஆர்மோனியம் வரும், மேடம்."

"அதுவும் கட்டைகள்தானே? அப்படியானால் அடுத்த மாசத்திலிருந்து பியானோ உம்முடையது. உள்ளே நுழைய ஒன்று, பிரார்த்தனைக்கு ஒன்று, அமைதியாக உட்கார ஒன்று, வெளியே போக ஒன்று. எளிதானதாக நீரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பியானோ வாசிக்கிற ஆசிரியர் ஒருவர் இல்லாமல் இந்தப் பள்ளியை நடத்த முடியாது. புது ஆளுக்கு இருப்பதோ ஒரே இடம்."

கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு 'அடுத்த கப்பல்' என்றுதான் காதில் விழுந்தது.

மிஸ் டி குரூஸ் போவதற்கு முன்னால், "பள்ளி விட்டதும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசித்துக் காட்டுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்" என்றாள். பியானோ ஸ்டூலின் வயிற்றுக்குள் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் சுரங்களைக் குறிக்கிற அந்த எலிவால் எழுத்து எனக்குப் படிக்க வராது. காதால்தான் பொறுக்க வேண்டும். அவள் உப்புப் போட்ட பிளம் பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாசிப்பாள். நான் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கேட்பேன்.

"இது வேண்டாம்" என்றேன் முதல் பாட்டிலேயே.

"ஏன்? குழந்தைகூட வாசிக்கும்."

"இடது கை ஓடிக்கொண்டே இருக்கிறதே."

"பின்னே? இடது கை தூங்குமா?"

என் இடது கை இத்தனை வருஷமும் துருத்தி போட்டதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் ஒரு தாலாட்டு வாசித்தாள். மெதுவாக, தண்ணீரில் இலை மிதக்கிற மாதிரி. எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. "இதுதான், இதை எடுத்துக்கொள்கிறேன். மெதுவாக இருக்கிறது, சுலபமாக வரும்."

அவள் பழக்கொட்டையைக் கைக்குட்டையில் துப்பினாள். "மெதுவானது சுலபம் என்று யார் சொன்னது? வேகமாகப் போனால் தப்பும் கூட்டத்தோடு ஓடிப்போய்விடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு தப்பும் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்கும். அதோடு இது உனக்குப் பிடித்த பாட்டு வேறு. பிடித்ததை முதலில் எடுக்காதே. நாசம் பண்ணிவிட்டு அப்புறம் வருத்தப்படுவாய்."

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தாலாட்டை விட்டுவிட்டேன். கடைசியில் நான் பொறுக்கியவை இவை: உள்ளே வருவதற்கு ஒரு நடைப்பாட்டு, புத்தகத்தில் இரண்டே பக்கம், இடது கை இரண்டே இடத்தில் மாறி மாறிக் குந்தும். பிரார்த்தனைக்கு நாலே வரிப் பாட்டு. உட்காருவதற்கு ஊஞ்சல் மாதிரி ஒரு சின்னத் துண்டு. வெளியே போவதற்கு அதே நடைப்பாட்டின் முதல் பாதி. இவற்றோடு பிள்ளைகள் பாடுகிற படகுப் பாட்டு ஒன்று. எல்லாமே நம் சங்கராபரணத்தில் அடங்குகிற மெட்டுகள். எல்லாவற்றையும் என் வாய் ஏற்கெனவே பாடியது. வாய்க்கு வந்தால் விரலுக்கு வந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை தப்பில்லை. அதன் பக்கத்திலேயே வேறொரு தப்பு உட்கார்ந்திருந்தது. அதை அவளும் பார்க்கவில்லை. நான் வாசித்து அவள் கேட்டதே இல்லையே! கேட்டிருந்தால் அன்றைக்கே அலறியிருப்பாள்.

4

நம் ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். ஆர்மோனியத்தில் 'ஸ' வைக்கிற முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அதை ஒட்டினாற்போல் இருக்கிற கறுப்பு ஒன்றரை. எங்கள் நைனாவின் தொண்டை ஒன்றரைக் கட்டை. அதனால் கோஷ்டி ஒன்றரை, ஆர்மோனியம் ஒன்றரை, என் விரலும் ஒன்றரை. பியானோவில் உட்கார்ந்ததும் என் கை தானாகப் போய் அந்தக் கறுப்புக் கட்டையில் 'ஸ' பிடித்தது. வீட்டு வாசற்படி தெரிந்த மாதிரி நிம்மதியாக இருந்தது. எல்லாப் பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து குடிவைத்தேன். மெட்டு மெட்டுதானே? 'ஸ' எங்கே இருந்தால் என்ன? யாருக்கு எந்தச் சுருதி ஒத்துக்கொள்கிறதோ அங்கே வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பயமெல்லாம் இடது கையைப் பற்றித்தான். வலது கை ஓட ஆரம்பித்ததும் இடது கை தன்பாட்டுக்குப் பின்னால் போய் இல்லாத துருத்தியைத் தள்ளும். பள்ளிக்கூடப் பியானோவுக்குள் ஈரம் ஏறாமல் இருக்க எந்நேரமும் ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருக்கும். இருந்தாலும் பெரிய மழை பெய்தால் கட்டைகள் உப்பிக்கொண்டு, அழுத்தினது எழுந்திருக்காது. எது என் தப்பு, எது மழையின் தப்பு என்று தெரியாமல் தவிப்பேன். காவல்காரர் ஹாலைப் பூட்டுகிற நேரம் வந்தால் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் சாக்பீஸால் கட்டைகளை வரைந்து, கறுப்புக்குக் கரி பூசித் தட்டுவேன்.

"ஏன்டா, சோறு துன்ற எடத்துல இன்னாடா கோடு கோடா இஸ்து வெச்சிருக்கே?" என்பாள் அக்கா.

"பியானோக்கா."

"ரசம் கொட்டிக்கிச்சுனா உன் பியானோ அழிஞ்சு பூடும். அப்பால என்னாண்ட சண்டைக்கு வராதே." சொல்லிவிட்டு ஈரத்துணியால் ஒரே இழுப்பு. ஒன்றரைக் கட்டையிலிருந்து மூன்று கட்டை வரைக்கும் காணாமல் போகும்.

அவள் மகள் சரோஜாவுக்குப் பத்து வயசு. என் பள்ளியில்தான் படிக்கிறாள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷிலும் மீதி மலாயிலும் பதில் வரும். "மாமா, ஸ்கூல்ல நீ என்கிட்ட தமிழ்ல பேசாதே லா. எல்லாம் சிரிக்கும்" என்று, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, எனக்கு முதல் வாரமே உத்தரவு. பள்ளி வராந்தாவில் எதிர்ப்பட்டால் "குட் மார்னிங், மிஸ்டர் வெங்கடேசலு" என்று தன் தாத்தாவின் பேரைச் சொல்லி எனக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போவாள். அக்காவிடம் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு எங்க நைனா பேரு கூட மிஸ்டரு வெச்சாத்தான் தெரியும் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் சொல்கிறேன், முதல் ஆறு வாரம் நான் தப்பித்துவிட்டேன். பிள்ளைகள் நான் தொட்ட சுருதியில் பாடினார்கள். தலைமையம்மாளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "அருமை, மிஸ்டர் வெங்கடேசலு" என்றாள். பயம் மெல்ல மெல்லத் தணிந்தது. அதுதான் ஆபத்து.

5

கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. புது ஆசிரியர்களை நிரந்தரம் செய்யலாமா என்று அவர் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். புது ஆசிரியர் என்றால் நான் ஒருத்தன்தான். என் பாஸ் புதுப்பிக்கிற தேதியும் அதை ஒட்டியே வந்தது.

அவருக்காகப் படகுப் பாட்டைக் குழல்களோடு பாட வைக்கலாம் என்றாள் மிஸ் லிம். சீனப் பெண், சின்ன மரக் குழல் வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவள் அவள்தான். சரோஜாவும் அந்தக் கோஷ்டியில் ஒருத்தி. குழல்காரர்கள் எதிர்க் கட்டடத்தில் பழகினார்கள், நான் ஹாலில். சேர்ந்து பழக வைத்திருந்த நாளில் மழை கொட்டி, நடுவில் இருக்கிற மைதானம் குளமாகிவிட்டது. மிஸ் லிம் எதிர் வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தாள். "மிஸ் டி குரூஸ் வாசிப்பாளே, அதே மாதிரிதானே நீங்களும் வாசிக்கிறீர்கள்?"

"அதே மாதிரிதான்!" என்று கத்தினேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

அந்த நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒல்லியான வெள்ளைக்காரர். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நடைப்பாட்டில் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒரு தப்பு. கூட்டத்தோடு ஓடிப்போய்விட்டது. பிரார்த்தனையும் முடிந்தது. பிறகு குழல்காரர்கள் எழுந்து நின்றார்கள். மிஸ் லிம் தலையசைத்தாள்.

நான் ஒன்றரையில் ஆரம்பித்தேன். அவர்கள் ஒன்றில் ஆரம்பித்தார்கள்.

ஆர்மோனியம் தெரிந்தவர்கள் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நான் சொல்வது புரியும். அதை ஒரு பாட்டு முழுக்கச் செய்தால் எப்படி இருக்கும்? தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் ஹால் முழுக்க எழுந்தது. பாடுகிற பிள்ளைகளில் பாதி என் பக்கம், பாதி குழல் பக்கம். ஒரு குட்டிப் பையன் காதைப் பொத்திக்கொண்டான். குழல் தப்பா, நான் தப்பா என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தக் குழலின் சுருதி மரத்தில் துளை போட்டபோதே முடிந்துபோன விஷயம். அது எனக்காக ஏறாது. இறங்க வேண்டியவன் நான். என் விரல்களோ வேறு எங்கேயும் போனதே இல்லை. இன்ஸ்பெக்டர் கால்மேல் போட்ட காலைக் கீழே வைத்தார். எனக்கு மில் நாற்காலியின் கைப்பிடி வரைக்கும் கண்ணில் தெரிந்தது.

கையை எடுத்துவிட்டேன். குழல்கள் தடுமாறி ஒவ்வொன்றாக நின்றன. அந்த மௌனத்தில், குழல் வரிசையிலிருந்து, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"மாமா! வெள்ளையில வாசி மாமா! கறுப்பு வேணாம்!"

சரோஜாதான். யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தபடி, குழலை வாயில் வைத்து, 'ஸ' எது என்று ஒரே ஒரு நீண்ட சுரம் ஊதிக் காட்டினாள்.

வெள்ளையில் வலது கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக் கட்டைகள் மேடாக இருக்கும், தடவினால் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். வெள்ளையில் எல்லாம் ஒரே சமம், ராத்திரியில் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. மெட்டு விரலுக்கு வரவில்லை. ஆனால் வாய்க்கு எந்தக் கட்டையானால் என்ன? நான் எழுந்து நின்றேன். இடது கையை ஒன்றாம் கட்டையிலும் அதன் பஞ்சமத்திலும் வைத்து, துருத்தி போடுகிற அதே தாளத்தில் மாறி மாறி அடித்தேன். படகுப் பாட்டை 'ஸரிக'வென்று தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட அப்போது நினைவில் இல்லை. நைனா முன்பாட்டுப் பாடுவது மாதிரி ஒரு வரி நான், அதே வரி அவர்கள். சரோஜாவின் குழல் முதலில் வந்தது. பிறகு மற்றவை. பிறகு பிள்ளைகள், அவர்களும் 'ஸரிக' என்றே! பாட்டு முடிந்தது. எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்த பிறகும் இடது கை துருத்தி போட்டுக்கொண்டிருந்தது.

6

ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். உள்ளே இன்ஸ்பெக்டரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் ஆபீசரானால் சிரிப்பை வைத்தே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். இவர்களுடையது பிடிபடுவதில்லை. அவர் வெளியே வந்து என்னைப் பார்த்து, "கறுப்புக் கட்டைகளிலா கற்றுக்கொண்டீர்? பழகினவர்களே அந்த இடத்துக்குப் போகத் தயங்குவார்கள்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

தலைமையம்மாள் என்னை உட்காரச் சொன்னாள். "மிஸ்டர் வெங்கடேசலு, வகுப்பு நடத்துவதில் உம்மிடம் குறை ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் நிரந்தரம் செய்ய முடியாது என்கிறார். பியானோவுக்கு முறையாகக் கற்ற ஒருவர் வேண்டுமென்று நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவர் வருகிற வரைக்கும் நீர் இருக்கலாம்."

"எப்போது வருவார், மேடம்?"

"கிடைக்கும்போது. அடுத்த மாசமாகவும் இருக்கலாம், அடுத்த வருஷமாகவும் இருக்கலாம்." ஒரு கணம் யோசித்தாள். "அதற்குள் நீரே முறையாக வாசிக்கிறவராக ஆகிவிட்டால், நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கொள்வேன்."

பாஸைத் தாற்காலிகமாக நீட்டித்துக் கொடுத்தார்கள். இமிகிரேஷன் குமாஸ்தா மலையாளி. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "வேற ஆள் வர்ற வரைக்கும்னு உங்க ஸ்கூல்ல எழுதியிருக்கு. அதை நான் எப்படித் தேதியாப் போடுறது சாரே?" என்று என்னையே கேட்டார்.

அக்காவிடம் அன்று ராத்திரியே சொன்னேன். அவளுக்கு இந்த ஊரில் பிறந்த வீட்டு மனுஷன் நான் ஒருத்தன்தான். "பேஜாரா பூச்சே" என்றாள். மறுநாளிலிருந்து மேஜையில் நான் போட்ட கோட்டின் மேல் அவள் துணி படவில்லை. எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவள் வீட்டுக்காரர் மட்டும், "பியானோ துன்னுது மேஜைய, நாம துன்றோம் தரையில" என்று முணுமுணுத்தார். சரோஜா பள்ளியில் இன்னும் எனக்கு மிஸ்டர்தான் போடுகிறாள். சாயங்காலம் மட்டும் குழலை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். நான் தப்பான கட்டையைத் தொட்டால் பேசமாட்டாள். 'ஸ' ஊதுவாள்.

7

ஆகவே ஏகாம்பரம், மற்ற நண்பர்களே, பாட்டைப் பொறுக்குகிற விதம் இதுதான். வாயால் முழுக்கப் பாட முடிகிற பாட்டை எடுங்கள். நீளமான பாட்டு வேண்டாம். பயம் வந்து சேருவதற்குள் முடிந்துவிடுகிற பாட்டு போதும். இடது கைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேலை வைக்காதீர்கள், முதல் மூன்று மாசமாவது. மெதுவான பாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுக்கு உயிரான பாட்டைத் தொடாதீர்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த பாட்டைக் குறைந்தது இரண்டு கட்டையில் பழகுங்கள். ஒன்று உங்கள் தொண்டைக்கு ஏற்றதாக இருக்கட்டும். இன்னொன்று எழுதினவர்கள் எங்கே வைத்தார்களோ அங்கே இருக்கட்டும். தனியாக வாசிக்கிற வரைக்கும் இது வீண் வேலை மாதிரித் தெரியும். பக்கத்தில் இன்னொரு வாத்தியம் வந்து நிற்கிற அன்றைக்குத் தெரியும்.

நான் இப்போது ஐந்து பாட்டையும் வெள்ளைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். நடைப்பாட்டு வந்துவிட்டது. பிரார்த்தனை முக்கால்வாசி. அந்த எலிவால் எழுத்தையும் கற்கிறேன். எழுத்து வந்தால் ஸ்டூலுக்குள் இருக்கிற புத்தகமெல்லாம் என்னுடையது. அப்போது நான் பொறுக்குகிற பாட்டுகள் வேறாக இருக்கும்! சில நாள் எனக்கே வேகம் பிடித்துவிடும். இன்னும் ஆறு மாசம் கிடைத்தால் போதும் என்று தோன்றும். அந்த ஆறு மாசம் கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை. எந்தக் கப்பலில், எந்த ரயிலில், எந்த ஊரிலிருந்து அந்த ஆள் வரப்போகிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இன்று பிற்பகல் பள்ளி வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கையில் பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நான் வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். சுகாதார இலாகா நர்ஸ், பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தவள். அது தெரிந்த பிறகும் அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க இருந்தேன் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. இந்த வாசலில் யார் புதிதாக வந்து நின்றாலும் நான் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் பார்ப்பது அவர்கள் விரல்களைத்தான்.